இரண்டு தரம் அடித்தால் தெற்கு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், சாரல் அடிக்கிறது. ஆகாயத்தில் மிதந்த ஒரு யந்திரத்தைக் கைச்சக்கரம் சுற்றிப் பிடித்து வைத்திருந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய கதை இல்லை. சுண்டல் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். தரமணியில் அரசாங்கத்தின் வானிலைப் பட நிலையம் ஒன்றின் மொட்டைமாடியில், கோமளம் மழையில் நனைந்தபடி இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழுச் சுற்றுச் சுற்றினால் மூன்று ஆள் உயரத் தட்டு ஆன்டெனா மயிரிழை அசையும். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடித் திரையைப் பார்ப்பாள். அதற்குள் படம் போயிருக்கும்.

முன்பு இதையெல்லாம் மோட்டார் செய்தது. மேலே இருந்த செயற்கைக்கோளுக்கு வயதாகி, எரிபொருள் வற்றி, வடக்கும் தெற்குமாக ஊசலாடத் தொடங்கியிருந்தது. தட்டும் அதன் பின்னாலேயே திரும்ப வேண்டும். மோட்டார் எரிந்து இரண்டு மழைக்காலம் போயும், புதியது கேட்டு அனுப்பிய கோப்பு டெல்லியிலிருந்து திரும்பவில்லை.

கோமளம் இருபது வயதில் பலூன் விடும் பிரிவில் சேர்ந்தவள். மயிலாப்பூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மேகப்படம் வாசிக்கக் கற்று, பின்னால் வந்தவர்கள் தன்னைத் தாண்டி மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்து, ஐம்பத்தைந்தில்தான் செயற்கைக்கோள் பிரிவுக்குத் தலைவி ஆனாள். கை வைத்த நாற்காலி கிடைத்தது. ஒரு மோட்டார் வாங்கும் அதிகாரம் கிடைக்கவில்லை.

சக்கரம் சுற்ற வெள்ளைத்துரை என்று ஒரு தினக்கூலி இருந்தான். அவள் கீழே திரைமுன் உட்கார்ந்து அழைப்பு மணியை அழுத்துவாள். ஒரு தரம் அடித்தால் வடக்கு, இரண்டு தரம் அடித்தால் தெற்கு, நீட்டி அடித்தால் நிறுத்து. ஆனால் தினக்கூலிகளை மூன்று மாதம் நிறைவதற்கு முன்பே பதிவேட்டில் பேரை அடித்து, ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்து, மறுபடி புதிதாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பார்களாம். ஆறு வருஷமாக வெள்ளைத்துரை புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தான். அன்று அவன் பேர் அடித்திருந்த நாள்.

முந்தின நாளே கோமளம் மேலதிகாரி கோதண்டபாணியிடம் போய் நின்றாள்.

"சார், கடல்ல புயல் சுத்திண்டிருக்கு. இந்த வாரம் மட்டும் அவன் பேரை அடிக்காதீங்கோ."

"ரூல்மா, என் கையில இல்ல. ஆனா ஒரு படம்கூட நிக்கக் கூடாது."

"சக்கரத்தை யார் சுத்தறது?"

"செக்‌ஷன் ஹெட் நீங்கதானே? ஏதாவது அரேஞ்ச் பண்ணுங்க."

இப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டுக் கோமளம் திரும்பினாள். தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வெள்ளைத்துரை நின்றான்.

"இன்னா மேடம், நீங்க சுத்திக்கினு கீறீங்க? உங்க ஊட்டுக்காரர் பாத்தா என் தலைய சீவிடுவாரு."

"உனக்கு இன்னிக்குப் பேர் கிடையாதுப்பா. ஆத்துக்குப் போ."

"பேரு இல்லாட்டி இன்னா, கை கீதே. ஊட்ல குந்திக்கினு இருந்தா சீதா என்னைய கூரை மேல ஏத்தி ஓடு மாத்த வுட்ருவா. அதுக்கு இது தேவல."

அவள் சிரித்துவிட்டாள். போ என்று இன்னொரு தரம் சொல்லவில்லை.

பிற்பகலில் புயல் வடக்கே திரும்பத் தொடங்கியது. படம் மேலிருந்து கீழாக, வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தபோது, செயற்கைக்கோள் தெற்கே நழுவித் திரை வெளுத்தது. கோமளம் இரண்டு தரம் அடித்தாள். தட்டு அசையவில்லை. மறுபடி இரண்டு தரம். டீ குடிக்கப் போய்விட்டானோ என்று அலுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு தரம்.

மேலே போய்ப் பார்த்தாள். சக்கரம் இருந்த மேடையின் ஈரத்தில் வழுக்கி, அவன் கீழே விழுந்து கிடந்தான். வலது கால் கால் போலவே இல்லை.

"மணி கேட்டுச்சு மேடம்," என்றான். "ஏந்திரிக்க முடியல."

ஆஸ்பத்திரியில் தொடையில் கம்பி வைத்தார்கள். இனி ஏணி, படி எதுவும் ஆகாது என்றார்கள்.

"பேரே இல்லாத நாள்ல அவன் இங்க எப்படிம்மா விழுந்தான்?" என்றார் கோதண்டபாணி. "அத்துமீறி நுழைஞ்சான்னு எழுதலாம். போலீஸ் கேஸாயிடும். பாவம், வேண்டாம்."

"நான்தான் சார் மணி அடிச்சேன்."

"அதை எழுதாதீங்க. உங்க பென்ஷன் மாட்டிக்கும். அவனுக்கும் ஒண்ணும் வராது."

அவள் எழுதினாள். மோட்டார் கோப்பு போன இடத்துக்கே அதுவும் போயிற்று.

வெள்ளைத்துரையின் மனைவி சீதா ஆதம்பாக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்றாள். "ஆறு வருசம் இங்க உழைச்சாரே மேடம், அதைக்கூடவா எங்கயும் எழுதி வைக்கல?"

"எழுதியிருக்கு சீதா," என்றாள் கோமளம். "ஒவ்வொரு தரமும் புது ஆள்னு எழுதியிருக்கு."

தை மாதம், புயல் நேரத்தில் தடையில்லாமல் படம் வாங்கியதற்காகக் கோமளத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றைய புயல் படத்தைச் சட்டம் போட்டு நடைவழியில் மாட்டினார்கள். கடல் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெள்ளைச் சுழி. பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். படத்தின் அடியில் ஒரு பட்டை புள்ளிபுள்ளியாக வெளுத்துக் கிடந்தது. அவன் விழுந்த பிறகு வந்த பட்டை. பார்வைக்கு நன்றாக இல்லை என்று, சட்டம் போட்டவர் அதை மட்டும் பின்பக்கமாக மடித்துவிட்டிருந்தார். ஓய்வு பெறும் வரைக்கும் கோமளம் அந்தப் படத்தைக் கடந்துதான் தன் நாற்காலிக்குப் போனாள். மொட்டைமாடியில் வேறொரு புது ஆள் மணிக்காகக் காத்திருந்தான்.

அவ்வளவுதான், கண்ணுகளா. பார்த்துப் போங்கள், படி ஈரம். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் போன காலோடேயே பொழுது சாயத் திரும்பி வரட்டும். அவர்கள் உழைத்த நாளில் அவர்கள் பேர் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.