மழையில் தொங்கிய விரிப்பு

இலக்கிய வகுப்பில் நான் முதல் கட்டுரைக்கு வாங்கியது இருபதுக்கு ஆறு. இரண்டாவதற்கு ஐந்து. மூன்றும் சேர்ந்து முப்பது வராவிட்டால் அடுத்த ஆண்டு வணிகவியலுக்கு மாற்றிவிடுவார்கள். அதாவது மூன்றாவது கட்டுரைக்குப் பத்தொன்பது வேண்டும். எங்கள் பேராசிரியை இதுவரை யாருக்கும் பதினாறுக்கு மேல் போட்டதில்லை.

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘அடிக்கோடு’. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கோடு போடாமல் மூட மாட்டார். என் முதல் கட்டுரையின் கீழே அந்தப் பென்சிலால் எழுதியிருந்தார்: “நீ அழுததைப் பற்றி நான் கேட்கவில்லை. குறியீடு எங்கே?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பு நாவல்களை நான் வாசிக்கிற விதம் அப்படி. ஏதோ ஒரு ஊரின் மூடுபனியில் யாரோ ரயிலைத் தவறவிட்டால், இங்கே நான் என் பேருந்து நிறுத்தத்தைத் தவறவிடுவேன். வகுப்பில் என்னை ‘ஜன்னல்’ என்று கூப்பிடுவார்கள். பாதி நேரம் அதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பேனாம்.

ஆனால் அந்த வகுப்புக்கு வேண்டியது பட்டியல். பறவை என்றால் விடுதலை. கதவு என்றால் வாய்ப்பு. வெள்ளை என்றால் தூய்மை, இல்லாவிட்டால் மரணம். மனிதர்களுக்கும் அப்படித்தான். உலகத்தில் எந்தக் கதையை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருகிற ஆட்கள் உண்டாம்: நாயகன், வழிகாட்டி, துரோகி, கோமாளி. ஒவ்வொரு பாத்திரத்தையும் அதற்குரிய கட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். மூன்று மாதம் அங்கே இருந்த பிறகு, தண்ணீர் குடிக்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. தண்ணீர் என்றால் மறுபிறப்பு.

மூன்றாவது கட்டுரைக்குக் கொடுத்த நாவல், அந்நியப் படை பிடித்துவைத்திருக்கும் ஓர் ஆற்றங்கரை ஊரைப் பற்றியது. அதில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார். சதுக்கத்தில் நின்று வீராவேசமாகப் பேசுவார். அவர்தான் நாயகன். ஒரு படகுக்காரர், தப்பி ஓடுகிறவர்களை அக்கரைக்குக் கொண்டுபோகிறவர். அவர் வழிகாட்டி. பிறகு ஒரு சலவைக்காரி. மொத்தம் பதினோரு பக்கங்களில் வருகிறாள், இரண்டே வாக்கியம் பேசுகிறாள். ஆற்றைப் பார்த்த கொடியில் அவள் போட்ட வெள்ளை விரிப்பு மூன்று இடங்களில் மழையில் நனைந்து தொங்கும். அந்த விரிப்பு ஊருக்கே போர்த்திய சவத்துணி என்று அடிக்கோடு பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வந்தார். சலவைக்காரிக்குக் கட்டம் கிடையாது. ‘பின்னணி’ என்ற தலைப்பின் கீழே கடைசி வரிசையில் இருந்தாள்.

கட்டுரையை வகுப்பில் வாசிக்க நான்கு நாள் இருந்தது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்முன் அண்ணனின் சலவைக் கடையில் ஒரு மணி நேரம் துணி மடிப்பது என் வேலை. அன்று தூறல். துவைத்த துணியெல்லாம் உள்ளறைக் கொடிகளில், மின்விசிறிகளுக்குக் கீழே தொங்கின. அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டே கதை கேட்டாள். நான் படிக்கிற எல்லா நாவலும் அவளுக்கு அத்துப்படி, ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

“வாத்தியார் கதை போதும். அந்தச் சலவைக்காரி என்ன ஆனா?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. சும்மா ஒரு விரிப்பு தொங்கும். மழையில நனைஞ்சு, வெள்ளையா, அப்படியே சவத்துணி மாதிரி...”

“மழையிலயா?”

“ஆமா.”

“வெளியிலயா?”

“ஆத்தங்கரையில.”

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “முதல்ல அவள வேலைய விட்டுத் தூக்கச் சொல்லு. துவைச்ச துணிய மழையில போடுறவ எல்லாம் ஒரு சலவைக்காரியா? நீ இங்க அப்படிப் போட்டுப் பாரு, உங்கண்ணன் உன்னையே மடிச்சு அலமாரியில வெச்சிடுவாரு.”

“என்னை எதுக்கு இழுக்குற?” என்றான் அண்ணன், இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து.

நான் சிரித்தேன். கையிலிருந்த தலையணை உறையைப் பாதி மடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நானும் தினமும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். மூன்று முறை அந்த நாவலைப் படித்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லையே!

உறையை அப்படியே போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அன்றைய முதல் வகுப்புக்குப் போகவில்லை.

வாசிப்பு நாள் வந்தது. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் பெஞ்சில் ‘நோட்ஸ்’. வகுப்பில் முதல் மாணவன். அவன் குறிப்புகள் இல்லாமல் பாதிப் பேர் தேர்வுக்கே வர மாட்டார்கள். அடிக்கோடு சுவரோரம் நாற்காலியைப் போட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“ஆரம்பிம்மா. இந்தத் தடவையாவது அழாம.”

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

“அந்த வெள்ளை விரிப்பு குறியீடே இல்ல மேம்” என்றேன்.

பின்வரிசையில் யாரோ, “போச்சு, வணிகவியல்தான்” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் தொடர்ந்தேன். மழையில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். காற்று, சேறு, பூஞ்சை வாடை, திரும்பவும் துவைக்கிற வேலை. அதே நாட்களில் அவள் வீட்டுக்குள்ளே நடக்க இடமில்லாமல் சட்டைகள் தொங்கியதாக நாவலே சொல்கிறது. விரிப்பு மட்டும் வெளியே. ஏன்?

நோட்ஸ் கை தூக்கினான். “எழுதினவர் மறந்திருக்கலாமே? சலவையைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?”

“நாப்பத்தொண்ணாம் பக்கம்” என்றேன். “‘முப்பது வருடத்தில் ஒரு தூறல்கூட அவளை ஏமாற்றியதில்லை, வானத்தைப் பார்க்காமல் அவள் வாளியைத் தொட்டதில்லை.’ மறக்கிறவர் இதை எழுதுவாரா?”

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

தப்புகிறவர்கள் மழையில்தான் கிளம்புகிறார்கள், ஏனென்றால் அப்போது ஆறு மங்கலாக இருக்கும் என்றேன். சிப்பாய்கள் படகுத்துறையில் பதுங்குவதும் மழையில்தான். அவள் வீடு துறைக்கு மேலே. யார் பதுங்கினாலும் அவளுக்குத் தெரியும். விரிப்பு தொங்கிய மூன்று நாளும் படகுக்காரர் கரையைப் பார்க்கிறார், துடுப்பை மாற்றுகிறார், நிற்காமல் போய்விடுகிறார். வெயிலில் விரிப்பு தொங்கினால் அது வெறும் சலவை. மழையில் தொங்கினால் ஆபத்து, வராதே என்று அர்த்தம்.

அடிக்கோடு முன்னால் சாய்ந்தார். “மூணு தடவைதானே? தற்செயலாவும் இருக்கலாம். கதையில மழை பெய்யறது வேற எத்தனை நாள்?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான்கு நாளாகக் காத்திருந்தேன்.

“இன்னும் ஒரே ஒரு நாள் மேம். நூத்தி எழுபத்தெட்டாம் பக்கம்.” வாசித்தேன். “‘நல்ல மழை. அவள் கொடி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. படகு துறையைத் தொட்டது. ஏழு பேர் ஏறினார்கள்.’”

அடிக்கோடு தன் பழைய பிரதியைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் சிவப்பாக இருந்த அந்தப் புத்தகத்தில் நூற்று எழுபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அருகில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அது தெரிந்தது.

“அப்ப வாத்தியார்?” என்றான் நோட்ஸ். குரலில் வம்பு இல்லை, நிஜமாகவே கேட்டான்.

“நல்லாப் பேசுறார். ஆனா அவர் பேசி ஒருத்தர்கூட ஆத்தைத் தாண்டல. தாண்டினவங்க எல்லாரும் இவ கொடியைப் பார்த்துத்தான் தாண்டினாங்க. நாயகன் கட்டத்துல உட்கார வேண்டியது இவதான்.”

“பின்ன ஏன் எழுத்தாளர் இதை எங்கயும் சொல்லல?” அடிக்கோடு கேட்டார்.

இதற்கு நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. வாய் தானாகவே பேசியது. “சொல்லியிருந்தா சிப்பாய்களுக்கும் தெரிஞ்சிருக்குமே மேம். அவங்க அதைப் பார்த்து வெறும் துணின்னு நெனச்சுட்டுப் போனாங்க. நாம குறியீடுன்னு நெனச்சுட்டுப் போயிட்டோம்.”

முதலில் சிரித்தது அடிக்கோடுதான். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கியது, பென்சில் காதிலிருந்து கீழே விழுந்து உருண்டது. “பதினோரு வருஷம்!” என்றார். “பதினோரு வருஷமா ஒரு பொம்பள கையைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. நான் அவளுக்குச் சவத்துணி போர்த்திட்டிருந்திருக்கேன்!”

வகுப்பு வெடித்தது. பெஞ்சுகளைத் தட்டினார்கள். பின்வரிசையில் என்னை வணிகவியலுக்கு அனுப்பிய அதே குரல் இப்போது, “ஜன்னல்! ஜன்னல்!” என்று கத்திக்கொண்டிருந்தது.

அடிக்கோடு கையை உயர்த்தினார். “இருபது போட மாட்டேன். இருபது போட்டா உனக்குத் தலைக்கனம் வந்துடும். பத்தொன்பது.”

ஆறும் ஐந்தும் பத்தொன்பதும். நான் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கு நான்கு நாளாக என் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. என் இடத்துக்குப் போகலாம் என்று திரும்பினேன்.

“எங்க போற? நில்லு.” அவர் எழுந்து போய் என் இடத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். “இந்தப் புத்தகத்துல இன்னும் எதையெல்லாம் கோட்டை விட்டிருக்கோம்னு பார்க்கணும். முதல் பக்கத்துலேர்ந்து வாசி. எல்லாரும் எடுங்க.”

வெளியே மணி அடித்தது. யாரும் எழவில்லை. நான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.