தட்டிப் பார்த்தவன்

மாசி மாதம் புதூர்நாட்டுப் பக்கம் புளி உலுக்கும் காலம். ஜீப்பை விட்டு இறங்கி மேட்டில் ஏறும்போதே அருணாவுக்கு மரத்தின் உச்சியிலிருந்து கலையரசனின் குரல் கேட்டது. கீழே புளி பொறுக்கும் பெண்களின் சிரிப்பும் கேட்டது. அது அவள் அண்ணன் சின்னதம்பியின் மரம். எட்டு மாதத்துக்கு முன்பு சாகும்வரை அதில் அவன் மட்டும்தான் ஏறுவான். இந்த வருஷம் அண்ணி மங்கம்மாள் பங்காளி வீட்டுக் கலையரசனைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

“டேய், நல்லா தட்டிப் பாத்துட்டு ஏறினியா?” என்று கீழே நின்ற பெரியவர் ஒருவர் கத்தினார்.

“தட்டாம ஏறுவனா? நான் இன்னா சின்னதம்பியா?”

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். மங்கம்மாள் கூடையை உதறிக்கொண்டே, “அந்த ஆளு பேச்ச எடுக்காதீங்க. மீச மொளைக்கறதுக்கு முன்னாடியே மரம் ஏறின தொரைக்கு, ஒரு தட்டு தட்ட நேரமில்லாம போச்சு,” என்றாள். அப்புறம்தான் அருணாவைப் பார்த்தாள். “வா அருணா. இன்னா இப்படி எளச்சிட்ட? சாப்ட்டியா?”

அந்த மலையில் மரம் ஏறுகிறவன் முதலில் அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுப்பான். உள்ளே கெட்டியா பொக்கையா என்று சத்தம் சொல்லிவிடும். தட்டாமல் ஏறி விழுந்தவனைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. சின்னதம்பியின் பேர் இப்போது ஊரில் கேலிப் பேச்சாகிவிட்டது. அவசரப்படுகிறவனைப் பார்த்தால், ‘சின்னதம்பி வேல செய்யாதடா’ என்கிறார்கள்.

அவன் தட்டாமல் ஏறினான் என்று ஊருக்குச் சொன்னவள் அருணா.

பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு மலையிறங்கிப் போனவள் அவள். கீழே நகரத்தில் மரம் நட்டுப் பராமரிக்கும் குழுவுக்குச் சூப்பர்வைசர். ஆறு ஆட்கள், ஒரு தண்ணீர் வண்டி. குழி எடுப்பது, கன்று நடுவது, கூண்டு வைப்பது, கம்பியில் இடிக்கிற கிளையைக் கழிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அண்ணனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். மற்றவர்கள் முன்னால் அவன் அவளை ‘சூப்பர்வைசரம்மா’ என்று கூப்பிட்டு ஒரு சல்யூட் அடிப்பான். டீக்கடையில் மட்டும், ‘ஏ கழுத’. நகரத்து மரங்களைப் பார்த்து, “இதுங்களுக்கு சிமெண்ட்டத்தான் சோறா ஊட்டறாங்களா?” என்று சிரிப்பான்.

ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம். நடைபாதை போட்டவர்கள் அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதில் ஒரு பெரிய கிளை மின்கம்பிமேல் சாய்ந்திருந்தது. கிளையை வெட்ட ஒரு நாள் மதியம் இரண்டு மணி வரைக்கும் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மணி ஒன்றரையாகிவிட்டது. சின்னதம்பி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டினான்.

“அருணா, உள்ள பொக்க. ஏணி வண்டி வரட்டும்.”

கிளைவரை ஆளைத் தூக்கிவிடும் ஏணி வண்டி மறுநாள்தான் கிடைக்கும். திரும்பவும் கரண்டை நிறுத்தக் கேட்டால் வாரக்கணக்கில் அலைய வேண்டும். அந்த வாரம்தான் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவள் திட்டு வாங்கியிருந்தாள்.

“எப்பப் பாரு ஒரு சாக்கு. பயமா இருந்தா சொல்லு, வேற ஆள ஏத்தறேன்,” என்றாள். ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். “சரிங்க சூப்பர்வைசரம்மா.” அன்றைக்கு சல்யூட் இல்லை. ஏறினான். கிளை, பாதி அடிமரத்தையும் பிளந்துகொண்டு சரிந்தது. இடுப்புக் கயிற்றைக் கட்டியிருந்ததும் அதே மரத்தில்தான்.

“யார் ஏறச் சொன்னது?” என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்டபோது ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். “நான் வேணாம்னுதான் சொன்னேன் சார். தட்டிக்கூடப் பாக்காம அவரா ஏறிட்டாரு,” என்று அருணாவின் வாய் சொல்லிவிட்டது. அது பயத்தில் வந்த வார்த்தை. பிறகு அதையே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிணத்தோடு மலையேறி வந்து அண்ணியிடமும் அதையே சொன்னாள். இரண்டாவது தடவை சொல்ல அவளுக்குப் பயம்கூடத் தேவைப்படவில்லை.

அதன்பிறகு மாதா மாதம் வந்தாள். அரிசி கொண்டுவந்தாள், புடவை கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வந்து, அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டு இறங்கினாள். இன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு சோறு இறங்காது என்று தெரிந்தது.

புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்த மங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அண்ணி, அண்ணன் தட்டிப் பாத்தாரு.”

“இன்னா?”

“பொக்கன்னு சொன்னாரு. வண்டி வரட்டும்னாரு. நான்தான் பயமான்னு கேட்டு ஏத்தி வுட்டேன்.”

மங்கம்மாளின் விரல்கள் இன்னும் நாலைந்து புளியை ஓடு உடைத்துப் போட்டுவிட்டுத்தான் நின்றன.

“எட்டு மாசம்டி,” என்றாள். “காலையில அந்த ஆளத் திட்டிக்கினுதான் அடுப்பு பத்த வெக்கறேன். புத்திகெட்டவனே, எங்கள இப்படி வுட்டுட்டுப் போனியேன்னு. படத்துக்கு ஒரு பூ வெக்கல. ஒரு நாளு நான் நெஞ்சார அழுவல, தெரியுமா உனக்கு?”

“அண்ணி, தப்புதான்…”

“எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தியா?” மங்கம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “கலையரசா, எறங்கு. இவ ஒண்ணு சொல்லணுமாம். எல்லாரும் கேளுங்க.”

அருணா சொன்னாள். தட்டியதை, அவன் சொன்னதை, தான் கேட்ட வார்த்தையை, எழுதிக்கொடுத்ததை. “நாளைக்கு ஆபீஸ்லயும் உள்ளத எழுதிக் குடுத்துடறேன்,” என்று முடித்தாள். யாராவது திட்டுவார்கள் என்று நின்றாள். கலையரசன் முகம் செத்துப்போய்த் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மங்கம்மாள் புளிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கூந்தலை அவிழ்த்து மார்பில் அடித்துக்கொண்டு, “சாமீ, பொக்கன்னு நீ சொன்னியாமே சாமீ!” என்று கத்தினாள். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, இழவு வீட்டில் போலச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒப்பாரி எழுந்தது.

அருணாவும் முழங்காலிட்டாள். கூடப் பிறந்தவன் அல்லவா, அந்த வட்டத்தில் அவளுக்கும் இடம் உண்டு. பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் அவளைத் தள்ளவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவள் தோளில் இருந்த தன் கையை எடுத்து அவளைச் சேர்த்துக்கொள்ளாமல் அழுதுகொண்டே இருந்தாள்.

அருணா தன் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, சாக்குகள் கிடந்த இடத்துக்கு அந்தப் பக்கம் போய், தனியாக உட்கார்ந்து அண்ணனுக்காக அழுதாள்.