இரண்டு சுற்றுப் பூட்டு

பூட்டுக்காரன் நான். ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக்குள் நுழைவதே நான் வெட்டிக் கொடுத்த சாவியால்தான். அப்படிப்பட்டவனைப் படவிழாவில் வரிசையின் நட்ட நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர்.

படம் என் மனைவி எடுத்தது. முதல் படம், முதல் திரையிடல். மூன்று மாதமாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "படத்த வந்து பாருங்க. பாத்ததுக்கு அப்புறமும் என்னைக் கூப்பிடணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க" என்று போனில் சொல்லியிருந்தாள். கூப்பிடாமல் பின்னே? சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்ததே அதற்குத்தான். இன்று அவளை அழைத்துக்கொண்டுதான் வீடு திரும்புவது என்று முடிவோடு இருந்தேன்.

கழுத்தில் அட்டை மாட்டிய பெண் வாசலில் சொன்னாள். "கதவ மூடிட்டா நடுவுல யாரும் எழுந்து போகக் கூடாது சார். டைரக்டருக்கு ஒரு மரியாதை." நல்ல மரியாதை.

விளக்கு அணைந்தது. திரையில் முதலில் ஒரு கதவு, உள்ளேயிருந்து பார்த்த கதவு. க்ளக். க்ளக். எனக்கா தெரியாது அந்தச் சத்தம்? எங்கள் வீட்டுப் பூட்டு, நானே பொருத்தியது. வெளியிலிருந்து இரண்டு சுற்றுப் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவரும் சாவி இல்லாமல் திறக்க முடியாது.

நான் கெட்டவன் இல்லை. கீழ்வீட்டில் திருட்டுப் போயிற்று. இவளோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். ஒருவன் பீரோவைத் தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. அதனால் காலையில் என் கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். அவள் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. "நாளைக்கு வெட்டித் தரேன்" என்றேன். நாலு வருடம் ஆகியும் அந்த 'நாளைக்கு' வரவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். பூட்டுக்காரன் பெண்டாட்டிக்குச் சாவி இல்லை.

படம் முழுக்க எங்கள் வீடுதான். ஜன்னலுக்குக் கீழே தெருவில் போகிறவர்கள். மணி அடிக்கும் கூரியர்காரரிடம் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, "சாவி இல்லீங்க, சாயந்திரம் வாங்க" என்னும் அவள் குரல். தினமும் க்ளக், க்ளக். பத்தாவது தடவை அரங்கம் சிரித்தது. இருபதாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. காய்ச்சலோடு கதவருகில் தரையில் படுத்தபடி அவள் எனக்குப் போன் செய்கிறாள். "இதோ வந்துடறேன், ஒரு கஸ்டமர் நிக்கிறாரு" என்கிறது என் குரல். எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை.

எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மச்சான், அவள் அண்ணன்தான், கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க மாப்ள. இன்னும் நாப்பது நிமிஷந்தான்."

"மூச்சு முட்டுது மச்சான்."

"முட்டும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அவள் பெட்டியோடு கிளம்பிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எனக்குக் கடை விடுமுறை, கதவு திறந்திருக்கும். இத்தனை நாள் கழித்து அந்த நாற்காலியில்தான் அது எனக்கு உறைத்தது.

படம் முடிந்ததும் மேடையில் அவளிடம் ஒருவர் கேட்டார். "எல்லாக் காட்சியும் வீட்டுக்குள்ளயே எடுத்திருக்கீங்க. அது ஒரு உத்தியா?"

"உத்தியெல்லாம் இல்லீங்க. சாவி என் வீட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு."

கைதட்டினார்கள். கதவு திறந்ததுதான் தாமதம், எட்டுப் பேர் காலையும் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். என் கடை இரண்டு தெரு தள்ளி. வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றி இயந்திரத்தில் வைத்தேன். நாலு நிமிட வேலை. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பிசிறு தட்டினேன். நாலு நிமிடம். இதற்கா நாலு வருடம்?

திரும்பி வந்தபோது அவளைச் சுற்றிக் கூட்டம். விலக்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"உன் சாவி. இன்னைக்கே வீட்டுக்கு வந்துடு. இனிமே வெளியில பூட்ட மாட்டேன்."

வாங்கிக்கொண்டாள். கட்டை விரலால் அதன் பற்களைத் தடவிப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றாள். "நீங்க கடையில இருக்கறப்ப வந்து என் சாமானெல்லாம் எடுத்துக்கறேன்."

வீட்டுக்கு வா என்று இன்னொரு தடவை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வாய் தன் பாட்டுக்குத் தொழிலைப் பேசியது.

"புதுச் சாவி, முதல்ல கொஞ்சம் பிடிக்கும். லேசாத் தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்."

"சரிங்க" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாள்.