எட்டாவது பத்தியும் அம்மாவின் மாத்திரையும்

1

உலகப் பொருளாதாரச் சிக்கலை இந்தக் கதையின் மூன்றாம் பகுதிக்குள் தீர்த்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நூற்றுத் தொண்ணூறு நாடுகளால் முடியாதது என்னால் முடியும். காரணம், நான் ஒரே ஆள். (பொருளியல், இரண்டாம் ஆண்டு. ஒரு அரியர் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

கதை பிறந்தது அக்காவின் வேலையிலிருந்து. மாநாட்டு அரங்கில் நாடுகள் பேசப் பேச, ஒப்பந்த வரைவைத் திரையில் திருத்துகிறவள் அவள். எல்லோரும் ஒத்துக்கொண்ட சொல் வெறுமனே நிற்கும். ஒரே ஒரு நாடு முறைத்தாலும் அந்தச் சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட வேண்டும். பதினொரு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“இதுக்குப் பேரு முடிவாக்கா? தைரியம் இல்லாதவன் போடற வேலி,” என்றேன் போனில்.

“வேலி இல்லன்னா எழுந்து போயிடுவாங்கடா மேதாவி.”

என் கதையில் ஒரு சதுர அடைப்புக்குறிகூட இருக்காது. (இவை வளைந்தவை. கணக்கில் வரா.)

2

முதல் தொடக்கம்: ‘பணக்கார நாட்டின் பிரதிநிதி கண்கலங்கி எழுந்து...’ வேண்டாம். நானே நம்பமாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘வட்டி விகிதம் என்னும் அரக்கன்...’ அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: அம்மாவுக்குக் காசநோய்.

இதை அடிக்க முடியவில்லை. ஆறு மாதம், ஒரு நாள் விடாமல் மாத்திரை. நான்கு மாதம் முடிந்து, இருமல் நின்று, எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடலாம். மாத்திரை இலவசம், நாடுகள் சேர்ந்து போடும் நிதியில் வருகிறது. அந்த நிதி தொடருமா என்பதுதான் அக்காவின் திரையில் எட்டாவது பத்தி. அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் முழு மாதத்துக்கும் மருந்து கொடுப்பவர் இந்தத் தடவை ஒரு வாரத்துக்குத்தான் கொடுத்தார்.

“அதுக்கப்புறம் சார்?”

“மேலேருந்து சொல்லணும் தம்பி.”

அக்காவைக் கூப்பிட்டேன். “எட்டுல இப்ப என்ன இருக்கு?”

“நிதி [தொடரும்] [தொடர முயற்சி செய்யப்படும்].”

(இவை அக்காவுடையவை.)

“ரெண்டாவதை நைசா அழிச்சிடேன்.”

“அத்தனை பேரும் திரையத்தான்டா பார்த்துட்டிருக்காங்க.” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும்தான்டா அம்மா.”

3

தீர்க்கவேண்டிய பகுதி வந்துவிட்டது.

முடிவு அ: பிரதிநிதிகள் ஒவ்வொருவராக எழுந்து கை தட்ட, எட்டாவது பத்தியில்

முடிவு ஆ: அடுத்த வாரம் மருந்துச் சன்னல் மூடியிருக்க, அம்மா

அம்மாவே அறைக்குள் வந்துவிட்டாள், மாத்திரை அட்டையோடு.

“என்னடா எழுதற?”

“உலகப் பொருளாதாரம்.”

“சீக்கிரம் முடி. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள என் கிருமி கூட்டம் போட்டு முடிச்சிடும் போல.”

இருமாமல் சிரித்தாள். நான்கு மாதத்துக்கு முன்னால் அவளால் அது முடியாது. பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று நாளுக்குத்தான் இருந்தது.

“மழுப்பாம சொல்லுடா. அடுத்த அட்டை வருமா?”

நான் சொன்னது:

“[வரும்மா.] [பார்க்கலாம்மா.]”