ஒன்பதாவது கட்டம்

பெரிய பள்ளிக்கூடத்தின் நேர்முகத் தேர்வுக்கு இன்னும் அறுபத்தெட்டு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், மகளோடு நான் வேறொரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இரண்டே அறைகள். பதினான்கு பிள்ளைகள் அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அவர்களுக்கு எதிரே குட்டை முக்காலியில் இருந்தார். முகம் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக இருந்தது. பேசும்போது எழுந்து நடக்கவில்லை.

என் மகளை வீட்டில் பொத்தான் என்றுதான் கூப்பிடுவோம். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். இப்போது நாலரை வயது. அவள் ஒரு மூலையில் மரக்கட்டைகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் அலமாரியிலிருந்து ஒரு தகர மூடி தரையில் விழுந்தது. தானாக விழுந்ததா, டீச்சர் தள்ளிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பதினான்கு தலைகளும் திரும்பின. பொத்தான் அடுத்த கட்டையை எடுத்து வைத்தாள்.

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா தெரியும்?" என்றார்.

"எது மேடம்?"

அவர் விண்ணப்பத் தாளை எடுத்து, ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார். 'பார்வை, கேட்கும் திறன், உடல்நிலை பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை' என்று அச்சடித்திருந்தது.

"இது காலியா வந்தா நான் எடுத்துக்க மாட்டேன். எழுதி வந்தா எடுத்துப்பேன். போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். காதுல மெஷின் மாட்டினதும் அவன் பேச ஆரம்பிச்சான் பாருங்க, இப்ப வாயை மூடுடான்னு நான் கெஞ்ச வேண்டியிருக்கு."

நான் சிரிக்க முயன்றேன்.

"ஒரு இடம்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி வரைக்கும் வெச்சிருப்பேன். அம்மா, அப்பா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். ஒருத்தருக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்குத் தெரியாம இருக்கற சங்கதியெல்லாம் இங்க வேணாம்மா."

நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பொத்தானின் தோளைத் தொட்டேன். தொட்டால்தான் அவள் திரும்புவாள்.

நான் வேலை செய்வது குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். ஊரெங்கும் உள்ள குழாய்களிலிருந்து புட்டிகளில் தண்ணீர் வரும். கலங்கல் எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று பார்த்து எழுதுவோம். பிடிக்காத முடிவு வந்தால் புட்டியைக் கழுவி மறுபடியும் செய்வோம். மூன்று முறையும் அதேதான் வந்தால் அதுதான் முடிவு. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும். நாலாவது முறை செய்ய யாருக்கும் அனுமதி இல்லை.

இரண்டரை மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொத்தானுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நின்று முப்பது முறை கூப்பிட்டேன். இரண்டு முறை திரும்பினாள். அந்த இரண்டு முறையும் என் நிழல் அவள் முன்னால் விழுந்திருந்தது. முகத்துக்கு எதிரே நின்று, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கூப்பிட்டேன். முப்பதுக்கு முப்பது. நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் செய்தேன். இதுவரை பதினோரு ஞாயிறு ஆகிவிட்டது. எண்கள் மாறவில்லை. பேசக் கற்ற பிறகுதான் அவளுக்குக் கேட்பது குறைந்திருக்க வேண்டும். நோட்டு என் கைப்பையிலேயே இருக்கிறது.

இத்தனை நாளும் யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் நான்தான். நான் அதிகம் பேச மாட்டேன். கடைக்காரர் மீதியைத் தவறாகக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். கல்யாணமான புதிதில் நாத்தனார் எனக்கு 'மியூட்' என்று பெயர் வைத்தார். பொத்தான் பேசாமல் இருந்தால், கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தால், எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அம்மாவை உரிச்சு வெச்சிருக்கா.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. பெரிய பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இந்தா மியூட், பிடி. பத்துக் கேள்வி. பதினோரு வருஷமா அதே பத்து, அதே வரிசை. எங்க ஹெச்.எம். அம்மாவுக்கு வேற கேள்வியே தெரியாது."

"அக்கா, இது காப்பியடிக்கிறது இல்லையா?" என்றார் என் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும்.

"நீ அஞ்சாங் கிளாஸ்ல பண்ணினதைவிடவா?"

"அது சரி. லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு மேலதானே போகணும். படிக்கட்டுல ஏற விட்டா எனக்குக் கேவலம் இல்ல?"

இருவரும் சிரித்தார்கள். பொத்தான் அவர்கள் முகங்களைப் பார்த்து, ஒரு நொடி கழித்துத் தானும் சிரித்தாள்.

"கிளாஸுக்கு நாப்பத்திரண்டு பேர் அண்ணி," என்றேன். "ஜாஸ்தி இல்லையா?"

"கூட்டத்துல விட்டாத்தான் இது வாயைத் திறக்கும். உன்னைச் சின்ன வயசுல அப்படி விட்டிருக்கணும்."

மாடிப் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம் கைப்பையில் நோட்டோடு சேர்ந்து கிடந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

புதனும் வியாழனும் பொத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கட்டிலில் அவளை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். என் வாயையே பார்ப்பாள். வாய் நின்றதும் பதில் சொல்வாள். உன் பேர் என்ன. வயசு எவ்வளவு. அப்பா என்ன வேலை பண்றாரு. வீட்ல யார் யார் இருக்கீங்க. இந்தப் பந்து என்ன கலர். இப்படிப் பத்து. வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருந்தேன். காலையில் நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே பதில் வந்தது. மதியம், நான் புருவத்தை உயர்த்தினாலே போதும், அடுத்த பதில் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு நான் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவள் ஜெயித்துவிட்டால் ஒருவேளை நோட்டில் இருப்பது தவறாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். பரிசோதனைக் கூடத்தில் இப்படி நினைப்பவர்களை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மூவரும் ஸ்கூட்டரில் போய் அவளுக்குப் புது ஷூ வாங்கினோம். அவள் முன்னால் நின்றுகொண்டு கண்ணாடித் தண்டைப் பிடித்திருந்தாள். முகம் சாலையைப் பார்த்து இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"நேத்து எந்த மாடியில விட்டோம் பொத்தான்?" என்று அவர் ஆரம்பித்தார். "இருநூத்தி அறுபத்தொண்ணு. இன்னைக்கு இருநூத்தி அறுபத்திரெண்டு. கதவு திறக்குது. உள்ள பார்த்தா, அந்த மாடி முழுக்கக் குடை. விரிச்ச குடை. ஒரு ஆள்கூட இல்ல."

ஒரு லிஃப்டின் கதை அது. கட்டடம் முடிந்த பிறகும் அந்த லிஃப்ட் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மாடி. அவர் வேலைக்குப் போகும் வழியில் அவளைக் காப்பகத்தில் விடுவார். அந்த இருபது நிமிடத்தில்தான் கதை. ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப் போகிறது. ஞாயிறும் விடுப்பும் போக இருநூற்று அறுபத்திரண்டு மாடி. மறந்து போகக்கூடாது என்று அவர் தன் வேலை நோட்டில், மோசமான கையெழுத்தில், மாடி எண்ணைக் குறித்து வைத்திருந்ததை ஓரிரு முறை பார்த்திருக்கிறேன்.

கதை முடியும்போது பொத்தான் ஒரு லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்னலில் நின்றோம். "ஏங்க," என்றேன்.

"பாத்தியா, மூச்சு விடாம கேக்கறா," என்றார். தலையைப் பாதி திருப்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க வீட்ல நான் பேசினா எல்லாரும் எழுந்து போவாங்க. அக்காவைக் கேளு. இதுவரைக்கும் என் பேச்சை இவ்ளோ பொறுமையா யாரும் கேட்டதில்ல."

பச்சை விழுந்தது.

"என்னவோ சொல்ல வந்தியே?"

"ஷூ கொஞ்சம் பெருசா இருக்கு," என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. பெரிய பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் இன்னும் ஆறு பெற்றோர்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் காதில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களை முதலில் கூப்பிட்டார்கள். நாத்தனார் ஏற்பாடு.

உள்ளே போனோம். தலைமை ஆசிரியை முகக்கவசம் போட்டிருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, நாலு நாளா சளி," என்றார். "குழந்தைங்களுக்கு ஒட்டிக்கக் கூடாது பாருங்க."

நல்ல மனசு அது. பொத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத்துணி. நான் தலையசைத்தேன். அவள் நாற்காலியில் ஏறி, புது ஷூவை ஆட்டாமல் உட்கார்ந்தாள்.

தலைமை ஆசிரியை புருவத்தை உயர்த்தி, பெயரைக் கேட்டார். பொத்தான் தன் முழுப் பெயரையும் சொன்னாள். அவர் தாளைப் பார்த்தார். வயது அதில் எழுதியிருந்தது. பதினோரு வருடங்களில் முதல் முறையாகவோ என்னவோ, அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டார்.

"அப்பா என்ன வேலை பண்றாரு?"

"நாலரை," என்றாள் பொத்தான்.

"ஓ. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"லிப்ட் ரிப்பேர் பண்றாரு."

கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன. மேசை மேலிருந்த சிவப்புப் பந்தைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கலர்?"

"அம்மா, அப்பா, நான்."

என் கணவர் சிரிப்பது போலத் தொண்டையைச் செருமினார். பொத்தான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை புருவம் உயரும்போதும் அடுத்த பதிலைச் சொன்னாள். தெளிவாக, நான் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல், ஒன்றைக்கூட விடாமல். எங்கள் ஸ்கூலைப் பிடிச்சிருக்கா என்று கடைசியாக அவர் கேட்டதற்கு, பெரிய பொண்ணானதும் லிஃப்ட் ஓட்டுவேன் என்றாள்.

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார். பொத்தானிடம் இன்னும் ஒரு பதில் மிச்சமிருந்தது. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

பிறகு என்னைப் பார்த்தாள். பத்தும் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற முகம்.

"பயப்படாதீங்க," என்றார் தலைமை ஆசிரியை. "மனப்பாடம் பண்ணிட்டு வர்ற குழந்தைங்களை நான் தினம் பாக்கறேன். படபடப்பு. அம்மா மாதிரியே கூச்சம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அவங்களுக்காகவும் சொல்றேன், எடுத்துக்கலாம். பின் வரிசையில ஒரு இடம் இருக்கு. நாலு மாசத்துல சரியாயிடும்."

மேசை மேல் எங்கள் விண்ணப்பம் விரிந்திருந்தது. இங்கேயும் அப்படி ஒரு கட்டம் இருந்தது. அதில் என் கையெழுத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தேன்.

பின் வரிசை. நாற்பத்திரண்டு முதுகுகளில் நாற்பத்தொன்று அவளுக்கு முன்னால் இருக்கும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் டீச்சர். முதலில் கூச்சம் என்பார்கள். அடுத்த வருடம் கவனமில்லை என்பார்கள். அதற்கடுத்த வருடம் மந்தம் என்பார்கள். அவள் எங்கோ பார்த்து, ஒரு நொடி கழித்து எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள்.

சுவர்க்கடிகாரத்தில் பத்து இருபது. மருந்துக்கடை மாடிக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம்.

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் என் கணவர். அவர் முகம் மலர்ந்திருந்தது. "வீட்ல இப்படி இல்ல மேடம் இவ. நீங்க நம்ப மாட்டீங்க, ஸ்கூட்டர்ல தினம் நான் ஒரு கதை சொல்லுவேன். ஒரு வருஷமா. அப்படிக் கேப்பா. ஒரு வார்த்தை விடாம கேப்பா."

தலைமை ஆசிரியை பேனா மூடியைக் கழற்றினார்.

நான் கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தேன். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பொத்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காதபடி என் கணவர் பக்கமாக முகத்தைத் திருப்பினேன்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"ஏங்க," என்றேன். "அவளுக்குக் காது கேக்காது."