உஸ் சாரின் ஹேண்டில்பார்

நூலகரை ஊரில் எல்லோரும் 'உஸ் சார்' என்றுதான் சொல்வார்கள். வாசிப்புக் கூடத்தில் யாராவது நாற்காலியை இழுத்தாலோ, தும்மினாலோ, செய்தித்தாளைச் சற்று உற்சாகமாகப் புரட்டினாலோ போதும், மேசைக்குப் பின்னாலிருந்து ஓர் 'உஸ்' கிளம்பி வரும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் சமையலறையில் குக்கர் விசிலடித்தபோது, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அதையும் பார்த்து 'உஸ்' என்றார். மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்த மோட்டார் சைக்கிள் அவருக்குக் கொஞ்சமும் ஒட்டாதது. அவர் மனைவி ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள். அந்தக் கடை முதலாளியின் மகன் வெளிநாடு போகும்போது, தன் வண்டியை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். பார்க்க அழகான வண்டிதான். ஆனால் ஹேண்டில்பார் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து, எட்டாத தூரத்தில் இருந்தது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் வயிறு பெட்ரோல் டாங்கின் மேல் படியக் குனிய வேண்டும். பந்தயத்துக்குப் போகிறவர் மாதிரி பாய்ந்து குனிந்துகொண்டு, சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திக்கொண்டு போகிற வேகத்தில் நூலகர் வேலைக்குப் போய்வந்தார்.

சில மாதங்களில் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது. கழுத்து இறுகியது. இடுப்பு பிடித்தது. மணிக்கட்டு மரத்துப்போய், புத்தகத்தில் முத்திரை குத்தினால் தேதி தலைகீழாக விழுந்தது. காலையில் வண்டியை விட்டு இறங்கினால் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை அதே குனிந்த கோலத்தில் நூலக வாசலுக்குள் நுழைவார். எதையோ கீழே தொலைத்துவிட்டார் போல என்று நினைத்து வாசகர்கள் நாலு பேர் கூடவே குனிந்து தேடியதும் உண்டு.

"டாக்டர்கிட்ட போங்க" என்றாள் மனைவி.

"போனேன். வண்டிய மாத்துங்கன்னார்."

"வண்டிய மாத்த வேணாம் மாப்ள" என்றான் அப்போது வீட்டுக்கு வந்திருந்த அவள் அண்ணன். "ஹேண்டில மாத்தினா போதும்."

அண்ணன் குழாய் வேலை பார்க்கிறவன். உலகத்தில் எந்தச் சிக்கலையும் கடைசியில் ஒரு குழாயாகப் பார்த்துவிடுவான். ஹேண்டில்பாரும் வளைத்த குழாய்தானே என்பது அவன் கட்சி. நூலகருக்கு மச்சான் மேல் பிரியம் உண்டு, நம்பிக்கைதான் கொஞ்சம் குறைவு. அவன் பொருத்திய குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும். ஆனாலும் கழுத்து வலி ஆளை எதற்கும் தலையாட்ட வைத்துவிடுகிறது. அந்தத் தலையாட்டலே வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிச் சாமான் கடையிலிருந்து ஒரு ஹேண்டில்பாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான் மச்சான். மாட்டுக் கொம்பு மாதிரி அண்ணாந்து நின்றது அது.

"இது ரொம்ப உயரமா இல்ல?" என்றார் நூலகர்.

"குனிஞ்சு குனிஞ்சுதானே வலி வந்துச்சு? இனிமே நீங்க குனியவே முடியாது."

அதில் அவன் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் மச்சான் அதைப் பொருத்தி முடித்து, நூலகர் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு கைகளும் காது மட்டத்துக்குப் போய் நின்றன. கிளட்ச் கேபிளும் மின் ஒயர்களும் வீணைத் தந்தி போல விறைத்து நின்றன. "நாள் போகப் போகத் தளர்ந்துரும்" என்று சொல்லிவிட்டு மச்சான் கையைத் துடைத்துக்கொண்டான்.

வாசலில் நின்று பார்த்த மனைவிக்குக் கவலை வேறு இடத்தில் இருந்தது. "என்னங்க, கையை இவ்வளவு தூக்கிக்கிட்டுப் போறதுக்கு நான் சட்டை தைக்கல. அக்குள்ல விட்டுப்போகும்."

மறுநாள் காலை பாதி வழியிலேயே வலது அக்குள் தையல் விட்டது. உள்ளே புகுந்த காற்றில் சட்டை பின்புறம் பலூன் போல உப்பிக்கொண்டது. துப்பாக்கி முனையில் கையைத் தூக்கினவர் மாதிரி நூலகர் போய்க்கொண்டிருந்தார். நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர், தன்னிடம்தான் சரணடைய வருகிறார் என்று நினைத்தோ என்னவோ, ஓரடி பின்னால் போனார். இத்தனைக்கும் நூலகருக்குக் கழுத்து வலிக்கவில்லை. இடுப்பும் சும்மா இருந்தது. கை மட்டும் விண்விண் என்று தெறித்தது. ஒரு வலியைக் கொடுத்து இன்னொரு வலியை வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு மேலிடத்திலிருந்து பார்வையிட அதிகாரி வருகிறார் என்பதால் அதற்கு மேல் நினைக்க நேரமில்லை.

வீட்டிலிருந்து நூலகம் வரைக்கும் நேர்ச் சாலையும் வலப்பக்கத் திருப்பமுமாகவே இருந்ததால், விஷயம் அதுவரை வெளியே தெரியவில்லை. நூலக வாசலில்தான் முதல் தடவையாக இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. ஹேண்டிலைத் திருப்பினார். வண்டியின் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது.

விறைத்து நின்ற ஒயர்களில் ஒன்று, வழி நெடுக இரும்பில் உரசித் தோல் கிழிந்து, இடப்பக்கம் திருப்பினால் இரும்பைத் தொடும்படி ஆகியிருந்தது. அது பிறகு தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது, பொத்தானைத் தொடாமலே சத்தம் வருகிறது என்பது மட்டும்தான். வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு வளைந்த பாதை. கட்டடத்தை ஒட்டி முழுக்க இடப்பக்கமாகவே வளைந்து போவது. வாசிப்புக் கூடத்தின் ஒவ்வொரு ஜன்னலையும் தாண்டி, 'அமைதி காக்கவும்' என்று அவரே எழுதி மாட்டிய பலகையையும் தாண்டி, ஹாரன் அலற அலற அவர் போய்க்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் விடுவிடுவென்று வந்து பாதையை மறித்து நின்றார். கையில் கோப்பு, கண்ணில் கோபம். அதிகாரி முன்கூட்டியே வந்துவிட்டார் என்பது நூலகருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது லைப்ரரின்னு தெரியல உங்களுக்கு? வண்டிய நிறுத்துங்க. முதல்ல உங்க பேர நூலகர்கிட்ட சொல்லி இனிமே உள்ள விடக்கூடாதுன்னு சொல்றேன். எங்க அவரு?"

நூலகருக்குச் சாவியைத் திருப்ப வேண்டும் என்று தோன்றவே சற்று நேரமானது. சத்தம் நின்றது. திருப்பிய கையை மறுபடி ஹேண்டிலுக்கே கொண்டுபோய், இரண்டு கையும் தூக்கினபடியே சொன்னார்.

"மேடம், நான்தான் நூலகர்."

அதிகாரி அவரைப் பார்த்தார். கிழிந்த அக்குளைப் பார்த்தார். அண்ணாந்து நின்ற ஹேண்டிலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல்களில் வந்து குவிந்திருந்த வாசகர்கள், வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததை ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"உஸ்ஸ்ஸ்."

அதிகாரியின் உதடு துடித்தது. கோபத்தாலா சிரிப்பாலா என்று நூலகருக்குப் புரியவில்லை. பார்வையிட்டு முடித்துப் போகும்போது, "உள்ள எல்லாம் நல்லா இருக்கு. வெளியில கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் வலப்பக்கம் திரும்பிய இடங்களெல்லாம் இப்போது இடப்பக்கம். முதல் திருப்பத்தை நூலகர் நேராகத் தாண்டிப் போய், வலப்பக்கம் திரும்பினார். அடுத்த தெருவில் மறுபடியும் வலம். அதற்கடுத்ததிலும் வலம். அப்படி ஒரு சுற்றுச் சுற்றினால் போக வேண்டிய சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் இன்னொரு இடத்தில் கணக்குத் தவறி, ஒரே மருந்துக் கடையைத் திரும்பத் திரும்பத் தாண்டினார். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் எழுந்து நின்று, வருகிறார், இல்லை போகிறார் என்று உட்கார்ந்தார். வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

நடந்ததைக் கேட்டதும் அவள் சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை வா. நடுத்தர உயரத்துல ஒரு ஹேண்டில் கொண்டு வா. பைப் ஒண்ணும் கொண்டு வா, லேசானதா. மத்தத நான் சொல்றேன். நீ எதுவும் சொல்லாத."

அந்த வாரம் முழுக்க நூலகர் பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, அவரை ஏறி உட்காரச் சொன்னாள். வெறும் வண்டியில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார். முன்னால் மச்சான் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான்.

"கண்ண மூடிக்கங்க. அந்தப் பைப் மேல கைய வைங்க. அண்ணே, மெதுவா தூக்கு."

"இங்கதான் சரியா இருக்கு" என்றார் நூலகர், குழாய் சற்று உயர்ந்ததும்.

"இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாது. தோள் தையல் தூக்கிக்கிட்டு நிக்குது." அவள் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. சட்டையின் தோள்பட்டைத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அளவெடுக்கறப்ப எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பாங்க. அத நம்பித் தச்சா போட முடியாது. அண்ணே, கொஞ்சம் கிட்ட கொண்டு வா. இன்னும் கொஞ்சம். கைய மடக்குங்க, விறைக்காதீங்க."

"கை வலிக்குது தங்கச்சி" என்றான் மச்சான்.

"உனக்கு வலிக்கட்டும்."

குழாய் மேலே போனது, கீழே வந்தது, கிட்ட வந்தது. ஓரிடத்தில் நூலகரின் தோள்கள் தாமாகவே இறங்கின. முழங்கை லேசாக மடங்கியது. அவரை அறியாமல் ஒரு பெருமூச்சு வெளியே வந்தது. தையல் படிந்து தட்டையானது.

"இங்க" என்றாள் அவள்.

மச்சான் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அளவு நாடாவால் அளந்தாள். புதிய ஹேண்டில் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கே வந்தது. மீதியை முன்னும் பின்னும் சுழற்றிச் சரிசெய்தார்கள். பிடிப்பு ஆணிகளை மச்சான் முறுக்கினான். பிரேக், கிளட்ச் பிடிகளைக் கை நீண்ட திசைக்கே சாய்த்து வைத்தான். கிழிந்த ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி, இடம் மாற்றி, தளரவிட்டுக் கட்டினார்கள். பிறகு சாவியைப் போட்டு ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"நான் சொன்னேன்ல, ஹேண்டில மாத்தினா போதும்னு" என்றான் மச்சான்.

அன்று சாயங்காலமே நூலகர் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். நாற்காலியில் உட்கார்ந்தது போல இருந்தது அவருக்கு. முதன்முதலாகத் தெருவின் இருபக்கமும் வீடுகள் இருப்பதைக் கவனித்தார். ஏரிக்கரைச் சாலையில் ராஜா மாதிரி போனார்.

"எப்படி இருக்கு?" என்று பின்னால் இருந்தவளைக் கேட்டார்.

"உங்களுக்கு நல்லா இருக்கும். முன்னால நீங்க குனிஞ்சிருந்தீங்க, எனக்கு ரோடு மொத்தமும் தெரிஞ்சுது. இப்ப உங்க முதுகுதான் தெரியுது."

"அதுல என்ன குறை?"

"காலர்ல ஒரு தையல் கோணலா போயிருக்கு. நான் தச்சதுதான். அதையே பாத்துக்கிட்டு வரணுமா?"

நூலகர் வண்டியை ஓரங்கட்டினார். வேடிக்கையாகத்தான் சொன்னார்: "அப்ப நீ முன்னால வா."

அவள் இறங்கினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சாவியைப் பிடுங்காத குறையாக அவரை இறக்கிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஏறுங்க" என்றாள். அவர் ஏறி முழுசாக உட்காருவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. கியர் மாறியதே தெரியவில்லை.

"உனக்கு எப்படி ஓட்டத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னால அண்ணன் வேலைக்குப் போற வண்டிய நான்தான் ஓட்டுவேன். அவன் பின்னால நீளநீளமா பைப்பத் தோள்ல வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். நான் திரும்பினா தெருவே குனியும்."

"சொன்னதே இல்லையே என்கிட்ட."

"சொல்ல வந்தா படிச்சுக்கிட்டு இருப்பீங்க."

நூலகருக்குச் சுருக்கென்று எங்கோ தைத்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் ஏறியேறி இறங்குவதைக் கவனித்தார். அவருக்கு அளந்து வைத்த ஹேண்டில் அவளுக்கு எட்டவில்லை. "நிறுத்து" என்றார். இறங்கி, வண்டியின் பக்கப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஆணிகளைத் தளர்த்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கைகளை வைத்தாள். அவர் அவள் ரவிக்கையின் தோள் தையலைக் கூர்ந்து பார்த்தபடி, ஹேண்டிலை மெல்ல மெல்ல அவள் பக்கம் சாய்த்தார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம். ம். அங்க."

நன்றாக முறுக்கி, இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். அவள் தலைக்கு மேலே ஏரி முழுக்கத் தெரிந்தது. பிடிக்க எதுவும் இல்லாததால் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன. கழுத்தும் வலிக்கவில்லை, மணிக்கட்டும் வலிக்கவில்லை. இந்த வண்டியில் இப்படி ஓர் இடம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது அவருக்கு.

அதிலிருந்து காலையில் அவள்தான் அவரை நூலகத்தில் இறக்கிவிட்டுத் தையல் கடைக்குப் போகிறாள். ஹேண்டிலை யாரும் மறுபடி மாற்றவில்லை. ஒருநாள் வழியில் பார்த்த மச்சான், வண்டியை நிறுத்தி நூலகர் உட்கார்ந்திருக்கும் விதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பின்னால் சாய முட்டு இல்லாமல் அவர் முதுகு வளைந்திருப்பது அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"மாப்ள, இந்த இடத்துல ஒரே ஒரு பைப்ப வளைச்சு வெச்சோம்னா..."

"வேண்டாம்" என்றாள் அவன் தங்கை.

நூலகர் முதுகைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு உயரம் மச்சான்?" என்று கேட்டார்.