ஓடிபிக்கு அண்ணியைக் கூப்பிடவும்

அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்டுப் பாருங்கள், உங்கள் மூஞ்சியும் இப்படித்தான் ஆகும்.

எங்களுடையது ஒன்பது பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் மெஷின்களைப் பழுது பார்க்கிறோம். ஐந்து மெக்கானிக்குகள் எப்போதும் வெளியில்தான் இருப்பார்கள். எந்த மெஷினுக்கு எந்தப் பாகம் மாற்றினோம், எந்த அளவில் வைத்தோம் என்பதெல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போன இடத்திலிருந்தே லேப்டாப் வழியாக அதற்குள் வந்து பார்ப்பார்கள். கண்டவன் நுழையாமல் இருக்க, பாஸ்வேர்டுக்குப் பிறகு அவரவர் போனுக்கு ஒரு ஓடிபி வரும்படி நான் அமைத்திருந்தேன். கம்ப்யூட்டரும் அதன் பூட்டும் என் பொறுப்பு.

வந்தது வினை. ஒருவன் போனை வண்டியில் விட்டுவிட்டேன் என்பான். ஒருவன் கையில் கையுறை என்பான். நெட்டை என்று ஒரு மெக்கானிக், அவன் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. எல்லோரும் சேர்ந்து என் பிராணனை வாங்கினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எல்லா ஓடிபியும் ஒரே போனுக்கு வரும்படி மாற்றி, அந்தப் போனை வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டேன். பாஸ்வேர்டையும் லேப்டாப்பிலேயே பதிந்து கொடுத்தேன்.

வரவேற்பு மேஜையில் இருந்தது என் சொந்த அண்ணி. அண்ணன் முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையோடு படுக்கையாக ஆன பிறகு நான்தான் முதலாளியிடம் சொல்லி அவரைச் சேர்த்துவிட்டேன். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கம்பெனிக்கே அவர் அண்ணியாகிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு ஓடுகிறது.

"போன் வந்தா யாரு எவருன்னு கேட்டுட்டு இருக்காதீங்க அண்ணி. அங்க மெஷின் நின்னுட்டிருக்கும். நம்பரைப் படிச்சிட்டு வைங்க."

இப்படிச் சொன்னவன் நான். அதோடு விட்டேனா? ஐந்து ஸ்டிக்கரில் என் கையாலேயே 'ஓடிபிக்கு அண்ணியைக் கூப்பிடவும்' என்று எழுதி, கீழே போன் நம்பரையும் போட்டு, ஐந்து லேப்டாப் மூடியிலும் ஒட்டினேன். பூட்டைப் போட்டு, சாவியை அதிலேயே தொங்கவிட்ட புத்திசாலி! இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

போன திங்கட்கிழமை நெட்டையின் லேப்டாப் வண்டியிலிருந்து திருடு போனது. எப்படியும் கிடைத்துவிடும் என்று அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு குரல் போனில் அண்ணியிடம் ஓடிபி கேட்டது. அண்ணி படித்தார். உள்ளே புகுந்தவன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டான்; மதியத்துக்குள் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு மெஷின்களைச் சரிசெய்ய வழியில்லாமல் ஆறு நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலைதான் நெட்டை திருட்டை ஒப்புக்கொண்டான். ஸ்டிக்கரைப் பற்றி அவன் பேசவில்லை. தன் தலை தப்பினால் போதும் அவனுக்கு. மறுநாள் முதலாளி என்னையும் அண்ணியையும் நிற்க வைத்து, அந்த நம்பரைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றார் அண்ணி.

யாரென்று கேட்காமலா கொடுத்தீர்கள் என்றார் முதலாளி. அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அண்ணின்னு கூப்பிட்டாங்க. நம்ம ஆளுன்னு நெனச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல நா கூசுகிறது. சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லி மற்ற நான்கு லேப்டாப்பையும் வரவழைத்து, ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்து என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கடைசி ஸ்டிக்கரை உரிக்கும்போது அண்ணி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். என் கையைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற இடத்தில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் எழுதி முடிப்பதற்குள் முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு, இன்றோடு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணி அந்தப் போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"சார்ஜ் போட்டிருக்கேன் தம்பி. உங்கண்ணன்கிட்ட நானே ஏதாவது சொல்லிக்கறேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அதுதானே தெரியும்.

அவர் படியிறங்கிப் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும், அந்தப் போன் அடித்தது. பழைய நகலை வைத்துக் கம்ப்யூட்டரை முந்தின நாள்தான் ஓட வைத்திருந்தேன். ஓடிபி இன்னும் அதே போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எடுத்தேன். நம்பர் சொல்லுங்கள் என்றது ஒரு குரல்.

"யாரு பேசறது?" என்றேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அண்ணி கேட்கவே கூடாது என்று இரண்டு வருஷமாக நான் வாயை அடைத்து வைத்த கேள்வி. பேசியது எங்கள் மெக்கானிக்தான். அண்ணி எங்கே போனார் என்று விசாரித்தான். நம்பரை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது. பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துச் சுருக்கம் நீக்கி, அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதியிருந்த வரியின் மேலேயே ஒட்டினேன். பசை இன்னும் பிடித்தது.

முதலாளி அதைப் படித்தார். யார் எழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். கேட்காமல் படிக்கச் சொன்னதும் நான்தான் என்றேன்.

"உன் கதையை நாளைக்குப் பேசிக்கலாம். மொதல்ல அவங்களைப் போய்க் கூப்பிட்டு வா. போன்ல இல்ல, நேர்ல போ" என்றார்.

அண்ணன் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். அண்ணன் எதிரே வந்து நாலு அறை விட்டால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டில் எழுந்து வந்து கதவைத் திறக்க அண்ணி ஒருவரால்தான் முடியும். மணியை அழுத்தினேன்.

"யாரு?" என்று கேட்டார் உள்ளேயிருந்து.

நான்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.